ஜூன் வரைக்கும் பொறு

உங்கள் அறையில் விரித்திருக்கிற கம்பளம் கையால் நெய்தது இல்லை, வக்கீலம்மா. விற்றவன் அப்படிச் சொல்லித்தான் விற்றிருப்பான். ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள், குஞ்சத்தைத் தனியாக வைத்துத் தைத்திருக்கும். கையால் நெய்ததில் கம்பளத்தின் நூலேதான் குஞ்சமாக வெளியே வரும், தைக்கிற வேலையே கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குடும்பம் டொலீடோ நகரத்தில் மூன்று தலைமுறை கம்பளக் கடை வைத்திருந்தது. தாத்தா லெபனானிலிருந்து கப்பலேறி வந்தவர். எந்த அறைக்குள் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

என் பெயர் எலையஸ் பிஷாரா. ஹார்பர்மென் என்கிற அமெரிக்க ஃபுட்பால் அணியில் வீரர்களின் ஒப்பந்தங்களைப் பார்க்கிற வேலை. இந்த வாக்குமூலத்துக்கு என்னோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அணியின் வக்கீல். நான் அதிகமாகப் பேசினால் மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தொடுவார். காலையிலிருந்து நான்கைந்து தடவை தொட்டுவிட்டார், பாவம்.

வழக்குப் போட்டிருப்பது உங்கள் கட்சிக்காரி ஒடெஸ்ஸா கெய்ன்ஸ், லெமுவல் கெய்ன்ஸின் மனைவி. லெமுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. மகளின் பெயர் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. தலை கெட்டுப்போனது தெரிந்தும் அணி அவனைக் கடைசி வருடம் ஆடவிட்டது என்று ஒடெஸ்ஸா சொல்கிறாள். எங்களுக்கு எதுவும் தெரியாது என்று அணி சொல்கிறது. நீங்கள் காலையெல்லாம் டாக்டர்களைப் பற்றியும் பயிற்சியாளர்களைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டீர்கள். அப்புறம் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, ஆட்டத்தை விட்டுவிடுவதாக லெம் எப்போதாவது யாரிடமாவது சொன்னானா என்று போகிற போக்கில் கேட்டீர்கள். எங்கள் கடையில் இப்படிச் சிலர் வருவார்கள். ஒரு மணி நேரம் எல்லாக் கம்பளத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடும்போது ஒன்றை மட்டும் விலை கேட்பார்கள். அவர்கள் வந்ததே அந்த ஒன்றுக்காகத்தான்.

சொல்கிறேன். ஆனால் நேராகச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. நீங்கள் ஆட்டம் பார்ப்பதில்லை என்றீர்கள். அதனால் என் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஓர் அணி ஒரு வருடத்தில் வீரர்களுக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. எவ்வளவு பெரிய பணக்கார முதலாளியும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டாமலேயே தாண்டுவது என் வேலை. லெமுக்கு இந்த வருடம் பன்னிரண்டு மில்லியன் டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் என்று கொடுத்தால் பன்னிரண்டும் இந்த வருடக் கணக்கில் ஏறும். நான் ஒன்றை மட்டும் சம்பளமாக விட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கையெழுத்துப் போனஸ் என்று பெயர் மாற்றுவேன். பணம் இன்றைக்கே அவன் கைக்குப் போய்விடும். கணக்கில் மட்டும், ஒப்பந்தத்தில் மீதியிருக்கிற வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வருடம் போதவில்லையா, பின்னால் இரண்டு மூன்றை ஒட்டிக்கொள்ளலாம். அந்த வருடங்களில் அவன் ஆடப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வெற்று வருடம் என்போம். உங்கள் கம்பளத்தின் குஞ்சம் மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும், தனியாக வைத்துத் தைத்தது.

எல்லாம் சட்டப்படிதான். வீரனுக்கு மொத்தப் பணமும் முன்னாலேயே கிடைக்கிறது. அணிக்கு இன்னொரு வீரனை வாங்க இடம் கிடைக்கிறது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். ஒரே ஒரு தொல்லை. அந்த வீரன் நடுவில் நின்றுவிட்டால், கணக்கில் இன்னும் ஏறாத பாக்கி அத்தனையும் அந்த வருடத்தின் தலையில் ஒரே மூட்டையாக விழும். செத்த பணம் என்று அதற்குப் பெயர். ஆள் இருக்க மாட்டான், அவன் சம்பளம் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

லெம் எங்கள் சென்டர். வரிசைக்கு நடுவில் குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தருகிறவன். தந்த அடுத்த நொடியே எதிரே இருப்பவன் மலை மாதிரி வந்து மோதுவான். தலையோடு தலை, ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை. பந்து தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் பெயரைத்தான் ஊர் கத்தும். சென்டர் பெயர் அவன் தப்புச் செய்தால்தான் ஊருக்குத் தெரியும். லெம் பெயர் பல பேருக்குத் தெரியாது.

முதல் தடவை அவன் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அவனுக்கு முப்பத்தொன்று. நான் கூப்பிட்டிருக்கவே வேண்டாம். அவன் சம்மதம் இல்லாமலே அணி மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. ஆனாலும் கூப்பிட்டேன், மரியாதைக்கு. ஒடெஸ்ஸா சுட்ட கேக்கை ஒரு தகர டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தான். என் நாற்காலி அவனுக்குப் போதாது, எப்போதும் ஜன்னல் திண்டில்தான் உட்காருவான்.

“என்ன கம்பளக்காரா, இன்னிக்கு எதச் சுருட்டப் போற” என்று கேட்டுக்கொண்டே காகிதத்தைப் புரட்டினான். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டான். “நாப்பத்தோரு வயசு வரைக்கும் போட்டிருக்கே.”

“பேப்பர்ல இருக்குல்ல. பாத்துக்க” என்றேன்.

அது வெற்று வருடம், கணக்குக்காகப் போட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். அவன் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. அணிகள் புதுப் பையன்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கிற நாளில், கடைசிச் சுற்றில், எல்லோருக்கும் பின்னால் பொறுக்கப்பட்டவன் அவன். தன்னை யாரோ நாற்பத்தொன்று வரைக்கும் வேண்டும் என்கிறார்கள் என்பது அவனுக்குப் பணத்தைவிடப் பெரிதாக இருந்தது. அலபாமாவில் அவன் அம்மா போகிற சர்ச்சில் அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்காக நன்றி சொல்லி ஜெபம் பண்ணினார்களாம். என் பெயரையும் சேர்த்து.

அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் இரண்டு தடவை திருத்தினேன். ஒரு தடவை ஓட்டக்காரன் ஒருவனை வாங்க, ஒரு தடவை பந்து வீசுகிறவனைத் தக்கவைக்க. “என் வீட்டுச் சுவர இடிச்சு ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் ரூம் கட்டற” என்பான் லெம். கேக் மட்டும் தவறாமல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவனுடைய பாக்கி மூட்டை பெருத்தது. அதாவது ஒவ்வொரு தடவையும் அவன் நிற்க முடியாத ஆளாக ஆகிக்கொண்டிருந்தான். இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் தெரிந்துதான் செய்தேன்.

மூன்றாவது தடவையில் ஒரு விஷயம் நடந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அவனிடம் கூடுதலாக ஒன்று கேட்டேன். அடுத்த வருடத்துக்கு உறுதி சொல்லியிருந்த தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னேன். ஒரே பேச்சாக மாட்டேன் என்றுவிட்டான். “உங்க தாத்தா செத்தே போயிருப்பாரு, இந்த விலையக் கேட்டா” என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனான். சாப்பிட்டுவிட்டு வந்து அதே ஜன்னல் திண்டில் உட்கார்ந்தான்.

“கூப்பிட்டியாமே. என்ன விஷயம்?” என்றான்.

பேரத்தில் இது ஒரு பழைய வித்தை, எதுவும் நடக்காத மாதிரி முதலிலிருந்து ஆரம்பிப்பது. அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் லெமுக்கு வித்தை தெரியாது. பொய் சொன்னால் அவன் காது அசையும். அன்று காது அசையவில்லை. காலையில் வந்ததே அவனுக்கு நினைவில்லை.

நான் அதே தொகையை, அதே வார்த்தையில், புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். “சரி, உனக்குன்னா சரி” என்று கையெழுத்துப் போட்டான். என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக முடிந்த பேரம் கிடையாது. வீட்டுக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அழுதுவிட்டுத்தான் காகிதத்தை லீக்குக்கு அனுப்பினேன்.

டாக்டர்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று காலையில் கேட்டீர்கள். கோடையில் ஒவ்வொரு வீரனுக்கும் ஞாபகப் பரிட்சை ஒன்று வைப்பார்கள். பின்னால் அடிபட்டால் அதோடு ஒப்பிடுவார்கள். பழைய ஆட்கள் ஆரம்பப் பரிட்சையிலேயே வேண்டுமென்று தப்பும் தவறுமாக எழுதி வைப்பார்கள், பின்னால் மார்க் குறையாமல் இருக்க. லெமும் இளமையில் அப்படித்தான் எழுதி வைத்தான், கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து. அவன் நிஜமாகவே மறக்க ஆரம்பித்தபோது, காகிதத்தில் எதுவும் மாறவில்லை. ஆக டாக்டர்களுக்குத் தெரியாது. அணி சொல்வது பொய்யில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது நீங்கள் விலை கேட்ட கம்பளத்துக்கு வருகிறேன்.

அவனுக்கு முப்பத்தாறு நடந்த வருடம், மார்ச் மாதத்தில் ஒரு காலை, கூப்பிடாமலே வந்தான். கேக் இல்லை. ஜன்னல் திண்டில் உட்காராமல் நின்றான். கையில் காகிதத் துண்டு, சொல்ல வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ஆனால் அதைப் பார்க்காமலே சொன்னான்.

“விட்டுடறேன், எலையஸ். தல சரியில்ல. நேத்து பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரப் போனேன். எந்த ஸ்கூல்னு தெரியல. கார்லயே உக்காந்திருந்தேன்.”

நான் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டேன். மனதாரத்தான். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும்போதே மூட்டையின் எடை எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே அவன் நின்றால் பாக்கி முழுதும் அந்த வருடத்தில் விழும். கோப்பைக்கு அவ்வளவு நெருங்கிய அணி எங்களுக்கு வாய்த்ததே இல்லை, அதைப் பாதியாகக் கலைக்க வேண்டிவரும். இதற்கு லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் பிறந்தபின் நின்றால் மூட்டையை இரண்டு வருடமாகப் பிரித்துக்கொள்ளலாம். அதனால் வயதான வீரர்களிடம் கேட்டுக்கொள்வார்கள், பெயருக்கு இரு, சம்பளத்தைக் குறைத்துக்கொள், பயிற்சிக்குக்கூட வராதே, ஜூனில் சொல்லிக்கொள்ளலாம் என்று. எல்லா அணியும் கேட்பதுதான், எல்லோரும் செய்து கொடுப்பதுதான். அதுவரை வெளியே சொல்வதில்லை.

“ஜூன் வரைக்கும் பொறு” என்றேன். “அதுக்கப்புறம் நானே உனக்கு விருந்து வைக்கறேன்.”

“அவ்வளவுதானா?” என்றான். முகம் தெளிந்துவிட்டது. சம்பளத்தைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டான், புதிதாகச் சேருகிற பையனுக்குக் கொடுக்கிற அளவுக்கு. கதவருகே போய்த் திரும்பி, “நீ ஞாபகம் வச்சுக்க, நான் மறந்துருவேன்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் மறக்கவில்லை. அந்த வாக்கில் நான் தவறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவன் இடத்துக்கு ஆள் வாங்கினோம், நல்ல இளைஞன். மே மாதம் பயிற்சியில் அந்தப் பையனின் முழங்கால் போயிற்று. ஜூனில் லெம் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சி மைதானத்துக்கு வந்தான். என்னிடம் விடைபெற வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு, பட்டையைக் கட்டிக்கொண்டு, இளைஞர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினான். “என்ன கம்பளக்காரா, இந்த வருஷம் எதச் சுருட்டப் போற?”

மார்ச் அவனிடம் இல்லை. போய்விட்டது. விரிப்பிலிருந்து ஒரு நூலை உருவிவிட்டால் இடம் எப்படி மூடிக்கொள்ளுமோ அப்படி மூடிக்கொண்டிருந்தது.

நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு வாக்கியம் சொல்வது. நான் மேலே என் அறைக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை ஒடெஸ்ஸா போன் பண்ணினாள். மார்ச்சில் அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான், விட்டுவிட்டேன், எலையஸிடம் சொல்லிவிட்டேன் என்று. அவள் மூன்று மாதமாக நிம்மதியாக இருந்திருக்கிறாள். அலபாமாவில் வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது அவன் பையைத் தூக்கிக்கொண்டு போகிறான், கேட்டால் அப்படி நான் சொல்லவே இல்லை, உனக்குக் கனவு என்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அவன் பக்கத்தில் இருந்தான்.

“ஒரே ஒரு கேள்வி, எலையஸ். ஆமா இல்லன்னு சொன்னாப் போதும். மார்ச்ல இவரு உங்ககிட்ட வந்து, விட்டுடறேன்னு சொன்னாரா?”

பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. “அவன்கிட்டயே கேளு. கம்பளக்காரன் எதையும் மறக்க மாட்டான். அவன் ஆமான்னு சொன்னா நான் நாளைக்கே நின்னுடறேன்.”

பேரத்தில் அதிகம் யோசிக்கிறவன் தோற்றுவிடுவான்.

“இல்ல, ஒடெஸ்ஸா” என்றேன். “அப்படி எதுவும் சொல்லலயே.”

சம்பளத்தைக் குறைத்த காகிதம் பற்றிக் கேட்டாள். வழக்கமான திருத்தம்தான் என்றேன். அது வழக்கமான திருத்தம்தானே. லெம் சிரிப்பது கேட்டது, கேலியாக இல்லை, அவளைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. “விடு, கண்ணு. எனக்குத்தான் மறதின்னு சொல்லுவ, இப்பப் பாரு” என்றான். அவள் எனக்கு நன்றி சொன்னாள். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.

இதோ, அணி வக்கீல் என் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டார். இனித் தொட்டு என்ன ஆகப்போகிறது.

அந்த வருடம் அவன் எல்லா ஆட்டமும் ஆடினான். அவன் வாய் மறந்ததை உடம்பு மறக்கவில்லை. குனிவான், பந்தைத் தருவான், மோதுவான். வரிசைக்குக் கூவிச் சொல்ல வேண்டியதை மட்டும் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிட்டார்கள், குரல் கட்டிக்கொண்டது என்று யாரோ ஒரு காரணம் சொன்னார்கள். ஜனவரியில், பனியில், இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் தோற்றோம். முடிந்தபின் குளியலறையில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கழற்றிவிட்டேன். யாரோடு ஆடினோம் என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன்.

நான் அவனைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இப்போது அவன் எங்கள் ஆள் இல்லை, மூட்டையெல்லாம் தீர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்து வாசலுக்கு வந்துவிடுகிறான். ஒப்பந்தம் நாற்பத்தொன்று வரைக்கும் இருக்கிறதே, பேப்பரில் பார்த்தேனே என்கிறான். மற்றதெல்லாம் போய்விட்டது, அது மட்டும் நிற்கிறது. முதலில் காவல்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள், வாசலிலேயே நின்று அழுதான் என்று கேள்விப்பட்டேன். உள்ளே விடச் சொல்லிவிட்டேன். உடைமாற்றுகிற அறையில் அவன் பெட்டியில் யார் பெயரையும் எழுதாமல் வைத்திருக்கிறேன். மதியம் ஒடெஸ்ஸா வந்து கூட்டிக்கொண்டு போவாள். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வாள், இந்த வழக்குப் போட்ட பிறகும்கூட. வழக்கு அணியின் மேல்தானே, என் மேல் இல்லையே என்று ஒருநாள் சொன்னாள். நீங்க ஒருத்தர்தான் அவர நல்லா நடத்தினீங்க என்றும் சொன்னாள்.

நேற்று அவன் மாடிக்கு ஏறி வந்தான். தானாகவே வந்து ஜன்னல் பக்கத்தில் நின்றான். அலங்கோலமாகத் தாடி வளர்ந்திருந்தது. முகத்தில் ஏதோ தேடி எடுத்துக்கொண்டு வந்தவனின் களைப்பு.

“விட்டுடறேன், எலையஸ்” என்றான். “தல சரியில்ல.”

அந்த மார்ச் மாதக் காலை திரும்பி வந்திருந்தது, ஒரு வார்த்தை குறையாமல். பள்ளிக்கூடம், கார், எல்லாம். முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, பரிட்சை எழுதிவிட்டு நிற்கிற பையன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் நின்றால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. கணக்கில் அவன் பெயரே இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான், ஒரு நாளாவது.

“ஜூன் வரைக்கும் பொறு” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். நான் வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது. “அவ்வளவுதானா?” என்றான். அதே மாதிரி முகம் தெளிந்தது. கதவருகே திரும்பி, நீ ஞாபகம் வச்சுக்க என்றான்.

சந்தோஷமாகத்தான் போனான், வக்கீலம்மா. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் என் அறையிலிருந்து ஒரு மனிதனும் மனம் கோணிப் போனதில்லை.